நடுவில் உட்கார்ந்திருப்பவள்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நீயே மாடிப்படி இறங்குகிறாயா, இல்லை இன்னும் மருமகள்தான் டீயைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறாளா? லாரி ஓட்டப் போன மகன் வீட்டுப் பக்கம் வந்தானா?

இத்துடன் ஒரு அட்டைக் குழாயில் படம் ஒன்றைச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். மடங்காமல் எடுக்கச் சொல். ஓவியக் கண்காட்சியில் நான் காவல் உட்காரும் அறைக்குப் புதிதாக வந்த ஓவியத்தின் அச்சுப்படம் அது. அசல் என் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு கட்டில் அகலத்துக்குத் தொங்குகிறது. ஃபிளாண்டர்ஸ் என்ற குளிர் நாட்டில் நானூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்ததாம். வரைந்தவன் பெயர் தெரியவில்லை. கிராமத்து ஜனங்கள் எதையோ கொண்டாடுகிறார்கள். எதை என்பதும் யாருக்கும் தெரியவில்லை. அதனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பார்வையாளர்களைக் கூட்டிவரும் வழிகாட்டி அம்மா, "இது பாவங்களோட வரிசை. இந்தப் பக்கம் குடி, அந்தப் பக்கம் சண்டை, நடுவுல தீனி. பின்னால தேவாலயத்துக் கதவு திறந்திருக்கு பாருங்க, உள்ள போக ஆளில்லை" என்று தினமும் ஒப்பிக்கிறார். நடுவில் மேஜை அருகே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், பார்த்துக்கொள். வெள்ளைத் தலைத்துணி. சுற்றி எல்லாரும் ஆடுகிறார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. தட்டு நிறையச் சாப்பாடு, தொடவில்லை. கை இரண்டும் மடியில். நேரே நம்மைப் பார்க்கிறாள். வழிகாட்டி அம்மா கணக்கில் அவள்தான் நிதானத்தின் உருவமாம். எனக்கு அது ஒட்டவில்லை. நிதானமானவள் பசிக்குச் சாப்பிட்டிருப்பாளே!

நீ ஆயுள் முழுக்கப் பொருட்காட்சி பொருட்காட்சியாகப் போய் ராட்டினம் ஓட்டியவன். கூட்டத்தை உன்னைப்போலப் பார்த்தவன் நம் குடும்பத்தில் இல்லை. அவள் யார் என்று நீ சொல்லு.

என் ஒப்பந்தத்தை இந்த வருஷமும் நீட்டித்துவிட்டார்கள். கண்காட்சிப் பின்கட்டில் நான் தங்கும் அறையும் எனக்கே. கை கால் கண் சரியாக இருக்கிறவரை ஓட்டலாம். வேலை போனால் அறையும் போகும் என்பதுதான் ஒரே பயம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
தம்பி


ஜனவரி 29

என் தம்பிக்கு,

அண்ணன் சொல்ல மருமகள் எழுதுவது. நாங்கள் எல்லாரும் சௌக்கியம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மகன் போன வாரம் வந்து, துணியைத் துவைக்கப் போட்டுவிட்டு, காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

படம் வந்தது. என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டச் சொன்னேன். மருமகள் முகத்தைச் சுளித்தாள். "மாமா, இதுல ஒருத்தன் சுவத்தோரமா ஒண்ணுக்குப் போறான். இதைப் போய் வீட்ல ஒட்டணுமா?" என்றாள். "நானூறு வருஷமா போறான், இன்னும் முடிஞ்சபாடில்லை. பாவம், விடும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே ஒட்டிவிட்டாள். இதை எழுதும்போதும் சிரிக்கிறாள்.

உன் வழிகாட்டி அம்மா ஒரு பொருட்காட்சியிலாவது காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றதில்லை என்று தெரிகிறது. கூட்டம் என்றால் நாலு பேர் குடிப்பான், இரண்டு பேர் சட்டையைப் பிடிப்பான், ஒரு ஜோடி மரத்துக்குப் பின்னால் போகும். இதில் பாவம் எங்கே வந்தது? தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி ஊதுகிறானே, அவன் கன்னத்தைப் பார். இன்னொரு பாட்டு ஊதினால் வெடித்துவிடும். ஆனாலும் விடமாட்டார்கள். கூலிக்கு வந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் சொந்த ஊர்க்காரர்கள்.

அந்தப் பெண் விஷயம். கூட்டத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்தால் முகத்தைப் பார்க்கக் கூடாது, பக்கத்து இடத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்கு வலப்பக்கம் பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காலி. என் ராட்டினத்தில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! தொட்டியில் ஏறிக்கொண்டு, "இருங்க அண்ணே, அவர் வந்துடுவார், சுத்திடாதீங்க" என்பார்கள். அவள் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். புருஷன் வரவில்லை. அதனால்தான் சாப்பிடவும் இல்லை. இதில் நிதானமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மருமகளும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொல்கிறாள். அவளே எழுதிக்கொண்டு அவளே கேட்டதாகவும் எழுதுகிறாள், பார்.

உன் அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன், சாப்பாட்டில் குறை வைப்பதில்லை. மருமகளின் கையெழுத்து அச்சுக்கோத்ததுபோல இருக்கிறது. ஆனாலும் வாசித்து முடிக்க முன்னைவிட நேரமாகிறது. வயசுதான், வேறென்ன.

இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்கிறாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இடம் பிடிக்கிறவள் கையைப் பெஞ்சின்மேல் வைத்திருப்பாள், மடியில் வைத்திருக்கமாட்டாள். நாள் முழுக்க எதிரே உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன். அந்தக் காலி இடத்தில் ஏற்கெனவே ஒருவன் இருந்திருக்கிறான், இப்போதுதான் எழுந்து போயிருக்கிறான். அவள் வரவை எதிர்பார்க்கவில்லை. போனதைத் தாங்கிக்கொள்கிறாள். இரண்டும் வேறு வேறு, அண்ணே.

முன்வரிசையில் ஆடுகிறவனைப் பார்த்தாயா? மேல்பல் ஒன்று இல்லை, மூக்கின் ஓரத்தில் மரு. நம் தாய்மாமன் யார் வீட்டிலோ எதையோ உடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பாரே, அப்படியே அந்த மூஞ்சி!

இன்னொன்று இப்போதுதான் கவனித்தேன். சத்திரத்து வாசலில் கொடிக்கம்பம் இருக்கிறதே, அதை நடுவில் வளைத்து வரைந்திருக்கிறான். காற்று பலமாக அடிக்கிறது என்று காட்டுகிறான் போலிருக்கிறது. நல்ல கைக்காரன். இத்தனை நாள் நேராக இருப்பதாகவே நினைத்திருந்தேன். அறையில் விளக்குகளை மாற்றியதிலிருந்து வெளிச்சம் கொஞ்சம் மங்கல், அதனால் சில சமயம் படம் வேறு மாதிரி தெரிகிறது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

என்றும் உன்
தம்பி


மார்ச் 14

என் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நீ சுகம் என்று எழுதியதை நம்பிக்கொண்டு இருக்கிறேன்.

போனதைத் தாங்கிக்கொள்கிறாள் என்று நீ எழுதியதை மருமகள் இரண்டு தரம் வாசித்தாள். உன் வீட்டுக்காரி போன பிறகு நீ சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உன்னோடு இதில் வாதாடமாட்டேன். சரி, அவன் எழுந்து போனவனாகவே இருக்கட்டும்.

ஆனால் கொடிக்கம்பம்? அது நேராகத்தான் இருக்கிறதடா. ராட்டினத்து அச்சுக்கம்பம் ஓர் இழை சாய்ந்தாலும் கண்டுபிடித்தவன் நான். எனக்கே சந்தேகம் வந்து, மருமகளின் அடிக்கோலை எடுத்துவரச் சொல்லி வைத்தும் பார்த்தேன். "நல்லா பாருங்க மாமா, பென்சில் மாதிரி நிக்குது" என்றாள். காற்று அடிக்கிறது என்கிறாய், மரத்தில் ஓர் இலை அசையவில்லை, பெண்களின் தலைத்துணி ஒன்றும் பறக்கவில்லை. எந்தக் காற்று உன் கம்பத்தை மட்டும் வளைத்தது?

இன்னொன்றும் கேட்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. வரி நேராகப் போகிறதா என்று தெரியும். நீ அனுப்பிய தாளில் வரிகள் எல்லாம் மாடிப்படி இறங்குவதுபோல இறங்குகின்றன. உன் மேஜைக்கு ஒரு கால் குட்டையா? அட்டை ஏதாவது வைத்து நிறுத்து.

சீக்கிரம் எழுது. நீ எழுதினால்தான் எனக்கும் இந்தப் படத்தில் ஆள் தேடுகிற வேலை இருக்கும்.

உன் அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சுகம்தான். டீயைக் கோப்பையில் ஊற்றுவதற்குப் பதிலாக வெளியே ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்டேன், பெரிதாக ஒன்றுமில்லை. பின்கட்டுப் படியில் ஒரு தரம் கால் தவறியது. அதுவும் ஆறிவிட்டது.

படத்தைப் பற்றி எனக்குப் புது யோசனை வந்திருக்கிறது. இந்த ஓவியன் ஒருவனுக்கும் முகம் வைக்கவில்லை. பக்கத்தில் போனால் சேற்றைத் தடவியதுபோல இருக்கிறது. வேண்டுமென்றுதான் செய்திருக்கிறான். கூட்டமாகச் சேர்ந்து கும்மாளம் போடும்போது ஒருவனும் தனி ஆள் இல்லை, முகம் எதற்கு என்று கேட்கிறான். பார்வையாளர்கள் கேட்டால் நானும் இதைத்தான் சொல்கிறேன். ஒருவர், "பிரமாதம்யா, எங்களுக்குத் தோணவே இல்லை" என்றுகூடச் சொன்னார்.

அந்தப் பெண்ணும் அங்கே இல்லை என்றே தோன்றுகிறது. எழுந்து போய்விட்டாள். நடுவில் ஒரு இருட்டு மட்டும்தான். இத்தனை நாள் நாம் இருவரும் இல்லாத ஒருத்திக்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.

அவளுக்குப் பதிலாக நான் இப்போது பார்ப்பது இடது ஓரத்தில் இருப்பவனை. கூடையை முதுகில் கட்டிக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டி, மேட்டில் ஏறிப் போகிறானே, அவன்தான். ஊரே ஆடுகிறது, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே வலது மூலையில் நாய். அதன் விலா எலும்பைக்கூட எண்ணலாம். ஓரங்களில் எவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறான்! படத்தின் உயிரே ஓரத்தில்தான் இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ கொஞ்ச நாள் இங்கே வந்து தங்க முடியுமா என்று மட்டும் யோசித்து வை.

மருமகளுக்கு என் அன்பு.

தம்பி


மே 8

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று எனக்குத் தெரியும், என்ன சுகக்கேடு என்பதும் தெரியும்.

உன் கடிதத்தை மூன்று பொழுது திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். பிறகு நானே படத்தின் முன் நின்றேன். அந்தப் பெண் இருக்கிறாள். மேஜை அருகே, கை மடியில், நேரே என்னைப் பார்த்துக்கொண்டு. முன்வரிசைக்காரனுக்கு முகம் இருக்கிறது, மூக்கோரத்தில் மரு இருக்கிறது. அந்த மருவை எனக்குக் காட்டித் தந்ததே நீதான். அதை மறந்துவிட்டாயா? இடது ஓரத்தில் கூடைக்காரன் என்கிறாய். மேடும் இல்லை, கூடையும் இல்லை, அப்படி ஒரு மனுஷனே இல்லை. மருமகளும் தேடிவிட்டாள்.

நேரான கம்பம் வளைகிறது. இருக்கிறவள் எழுந்து போகிறாள். இல்லாதவன் மேட்டில் ஏறுகிறான். டீ கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறது, படியில் கால் தவறுகிறது, எழுத்து கீழே சரிகிறது. ராட்டினத்தில் என் வேலையில் பாதி, குடித்துவிட்டு ஏறுகிறவனைக் கண்டுபிடித்து இறக்கிவிடுவது. உளறுகிறவனை யாரும் கண்டுபிடித்துவிடலாம். நிதானமாக, காரணம் காட்டி, தத்துவம் பேசுகிறானே, அவன்தான் முழுக் குடிகாரன். உன் வீட்டுக்காரி இறந்த வருஷம் நீ எனக்கு எழுதிய கடிதங்களும் இப்படித்தான் படி இறங்கின. அவை இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன.

என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிக் குடியை விட்டாயே, மறந்துபோயிற்றா? நான் வந்து தங்க வேண்டுமாம். எதற்கு? வாந்தியை அள்ளவா? குடிகாரன் கடிதம் என் வீட்டுக்கு வேண்டாம். விட்ட பிறகு எழுது.

அண்ணன்

சின்ன மாமாவுக்கு: மாமா சொன்னதை அப்படியே எழுத வைத்துவிட்டார். ஒரு வார்த்தையை மட்டும் மெதுவாக மாற்றிப் பார்த்தேன். திரும்ப வாசிக்கச் சொல்லிப் பிடித்துவிட்டார். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. இந்த வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டமாட்டேன். – மருமகள்


ஜூன் 16

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெரியவன் ஒரு வார்த்தை சொன்னால் ஆறு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது உனக்குச் சின்ன வயசிலேயே உள்ள பழக்கம். இப்போது ஆறு நாளைத் தாண்டிவிட்டது.

நான் சொன்னது உன் நன்மைக்கு. அதில் பின்வாங்கமாட்டேன். ஆனால் வேலைக்குப் போகிறாயா, அறை இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இரண்டு வரி போதும்.

மருமகள் பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். "வேற ஏதும் எழுதணுமா மாமா?" என்கிறாள். வேறு ஒன்றும் இல்லை.

அண்ணன்


ஜூலை 21

தம்பி,

மகன் லாரியில் உன் ஊர்ப் பக்கம் போனான். இறங்கிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவன் போன அன்று கண்காட்சிக்கு விடுமுறையாம். பின்கட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். "உள்ள ஆள் இருந்த மாதிரிதான் இருந்துச்சுப்பா. 'யாரு'ன்னு ஒரு சத்தம். பேரைச் சொன்னேன். அப்புறம் சத்தமே இல்லை" என்றான்.

ஏனடா திறக்கவில்லை? அவன் நீ தூக்கி வளர்த்த பிள்ளை.

குடித்தாலும் பரவாயில்லை. எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை எழுதுவது நான் இல்லை. கண்காட்சி வாசலில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண் எழுதுகிறாள், நான் சொல்கிறேன். நீ ஆயுள் முழுக்கச் செய்ததை நான் இப்போதுதான் பழகுகிறேன். சொல்லச் சொல்ல ஒருத்தி எழுதுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது. நீ எப்படித்தான் திட்டினாயோ!

நான் குடிக்கவில்லை. விட்டது விட்டதுதான். என் கண் போய்விட்டது, அண்ணே.

முழுதாகப் போகவில்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் போய்விடுகிறது. அந்தப் பெண்ணைப் பார்த்தால் அவள் இருந்த இடத்தில் இருட்டு. மூலையில் இருக்கும் நாயைப் பார்த்தால் அவள் ஓரமாக வந்து உட்காருகிறாள். சட்டென்று அவள் பக்கம் திரும்பினால் மறுபடி போய்விடுகிறாள். இடது கண் எப்போது போனது என்றே தெரியவில்லை, வலது கண் நன்றாக இருந்ததால் கவனிக்கவில்லை. வலதிலும் பிப்ரவரியில் ஆரம்பித்தது. கம்பம் வளைந்ததாக எழுதினேனே, அது முதல் அடையாளம். காற்று என்று நானே நம்பினேன். ஏப்ரலில் நம்ப முடியவில்லை. ஆனால் உனக்கு எழுதும்போது மட்டும், ஓவியன் அப்படி வரைந்தான் என்று எழுதினால் என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றாகிவிடும்போல இருந்தது. வேலையும் அறையும் கண்ணில்தானே தொங்குகின்றன.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட ஓர் ஆளை அழைத்துவந்தால்தான் கண்ணில் ஊசி போடுவோம் என்றார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்? அதைக் கேட்கத்தான் உன்னை வந்து தங்கச் சொன்னேன்.

உன் மே மாதக் கடிதத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. இந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். மதிய இடைவேளையில், நாலு பேர் சாப்பிடுகிற இடத்தில், நல்ல செய்தி என்று நினைத்து உரக்க வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். நீ சொல்லி, ஒரு பெண் எழுதி, இன்னொரு பெண் வாசித்து, அந்த வார்த்தை என்னிடம் வந்து சேர்ந்தது. பாதியில் நிறுத்திவிட்டாள். நான்தான் முழுதும் வாசிக்கச் சொன்னேன். மருமகளின் அடிக்குறிப்பையும் வாசித்தாள். அவளுக்கு என் ஆசீர்வாதம்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. உன்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று படுகிறது. மகன் வந்தபோது, கதவைத் திறந்தால் அவன் முகத்தைத் தேடி நான் தடுமாறுவதை அவன் பார்த்துவிடுவான் என்று திறக்கவில்லை.

போன வாரம் ஒருவர் ஓவியத்தில் கையை வைத்துவிட்டார். எனக்கு நேர் எதிரே. நான் பார்க்கவில்லை. அதிகாரி கூப்பிட்டு அன்பாகத்தான் பேசினார். அடுத்த மாதக் கடைசியோடு வேலை முடிந்தது.

கூடைக்காரன் இருக்கிறான், அண்ணே. மற்றதெல்லாம் போனாலும் அவன் இருக்கிறான்.

தம்பி


ஆகஸ்ட் 28

என் தம்பிக்கு,

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள். தாளில் ஈரம் இருந்தால் அது அவளுடையது.

நான் வருகிறேன். முழங்காலைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகன் ரயில் ஏற்றிவிடுகிறான். நீ நிலையத்துக்கு வராதே. எனக்குப் பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியாது, உனக்குப் பலகையே தெரியாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு ஊரைச் சுற்றுவோம். நான் கேட்டுக் கேட்டு வந்து சேருகிறேன். வாய் இருக்கிறதே.

கதவைத் திற. அது போதும்.

அண்ணன்


செப்டம்பர் 17

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா சொல்ல, நுழைவுச்சீட்டுப் பெண் எழுதுவது. நீயும் மகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக வந்து சேர்ந்தேன். இந்தப் பெண் வேகமாக எழுதுகிறாள், ஆனால் உன்னைப்போலச் சிரிப்பதில்லை.

தம்பி கதவைத் திறந்தான். என் முகத்துக்குப் பக்கவாட்டில், காதைப் பார்ப்பதுபோல நின்றான். அப்படிப் பார்த்தால்தான் என் முகம் தெரிகிறதாம். "வயசாயிடுச்சு அண்ணே உனக்கு" என்றான். "காதைப் பார்த்தா சொல்றே?" என்றேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். கடிதத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் என்னை அந்த அறைக்குக் கூட்டிப்போனான். நான் அவனைக் கூட்டிப்போனேன் என்று சொல்ல முடியாது. அங்கே ஒவ்வொரு தரைக்கல்லும் அவனுக்குத் தெரியும். படத்தின் முன் நிறுத்தினான். அம்மா, கேள். நம் வீட்டுச் சுவரில் இருப்பது முழுப் படம் இல்லை. அச்சடித்தவர்கள் தாளுக்குச் சரியாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் மேடு இருக்கிறது. கூடையைக் கட்டிக்கொண்டு ஒருவன் ஏறிப் போகிறான். முதுகு அப்படியே கஷ்டப்பட்ட முதுகு.

என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. தம்பி என் சட்டையை இழுத்தான்.

"அவனை விடு. அவளைச் சொல்லு."

"இருக்காடா. உட்கார்ந்துதான் இருக்கா."

"அது தெரியும். மூஞ்சி எப்படி இருக்கு?"

வீட்டில் அத்தனை மாதம் பார்த்தேன், அவள் முகத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடியவில்லை. இடம் பிடித்தாள், இடம் போயிற்று என்று பக்கத்துப் பெஞ்சையே பார்த்திருக்கிறேன். சோகமா என்றால் இல்லை. கோபமா என்றால் அதுவும் இல்லை. கடைசியில், "யாரோ அவகிட்ட ஏதோ கேட்டிருக்காங்க. பதில் சொல்லலாமா வேணாமான்னு பாக்குறா" என்றேன். தம்பி வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

நேற்று ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர், சின்ன வயசுக்காரர், வெளிச்சம் போட்டுப் பார்த்தார். இடது கண்ணில் செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். வலது கண்ணில் நடுப்பகுதியில் நீர் கோத்துத் தழும்பாகிவிட்டதாம். ஓரத்துப் பார்வையைக் காப்பாற்ற ஊசி போடலாம், நடுப்பார்வை திரும்பாது என்றார். மே மாதமே வந்திருந்தால் வலது கண்ணைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்றார். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏப்ரல்லயே வந்திருக்கீங்க. கூட ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கோம். இத்தனை மாசம் ஏன் வரலை?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். நான்தான் காரணம் என்று சொல்லத்தான் திறந்தேன், நம்பு. தம்பி முந்திக்கொண்டான்.

"குடிச்சுக்கிட்டு இருந்தேன் டாக்டர்."

டாக்டர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த வயசுல…" என்று சொல்லிக்கொண்டே அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன எழுதினார் என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்றேன்.

"நீ சொன்னதைத்தானே சொன்னேன்" என்றான்.

என் பழியைத் தூக்கிக்கொண்டானா, இல்லை என்னை அறைந்தானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவன் குரலில் கோபம் இல்லை. குரலில் எதுவுமே இல்லை. அவன் நேராக என் பக்கம் திரும்பியிருந்தான். அப்படித் திரும்பினால் என் முகம் அவனுக்குத் தெரியாது. அந்த நேரம் அது எனக்கு நிம்மதியாக இருந்தது, அம்மா. என் தம்பிக்குக் கண் தெரியாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த வரியை எழுதட்டுமா என்று இந்தப் பெண் கேட்கிறாள். எழுது என்றேன்.

அடுத்த ஊசிவரை இங்கேதான் இருப்பேன். பிறகு அவனை அழைத்துவருவேன், வருகிறேன் என்று அவன் இன்னும் சொல்லவில்லை. என் கட்டில் பக்கத்தில் அவனுக்கும் ஒரு கட்டில் போட்டு வை.

மாமா